பைண்டிங்கில் வெட்டுப்பட்ட கையெழுத்து

நெய்வேலியில் ஓய்வு பெறுகிறவருக்கு இரண்டு முறை வழியனுப்பு நடக்கும். முதலாவது வேலை இடத்தில், மாலை, சால்வை, மிக்சர் பொட்டலத்தோடு. இரண்டாவது குவார்ட்டர்ஸில். அதற்கு யாரும் மாலை போடுவதில்லை. வீட்டை ஒப்படைத்துச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அதற்குமுன் பரணை இறக்கி, இத்தனை வருஷம் சேர்ந்ததில் எது லாரியில் ஏறும், எது பழைய பேப்பர் கடைக்குப் போகும் என்று பிரிக்க வேண்டும். வாசிக்கிற வீடாக இருந்தால், காலிகோ துணி முதுகு போட்ட பைண்டு வால்யூம் ஒன்றாவது தூசியோடு கீழே இறங்கும்.

இந்த வால்யூம் பழக்கம் நெய்வேலிக்கு மூத்தது. நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பரில். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல். 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வரத் தொடங்கியதோ 1950-ல். வாராவாரம் பக்கங்களைக் கழற்றிச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுப்பது அப்போதே நடுத்தரக் குடும்பங்களின் வழக்கம். கதை பிறகு புத்தகமாகவும் வந்தது. ஆனாலும் பைண்டு வால்யூமுக்கு மதிப்புக் குறையவில்லை. காரணம் தொடருக்குப் படம் வரைந்த மணியம். வந்தியத்தேவனும் நந்தினியும் பூங்குழலியும் எப்படி இருப்பார்கள் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்தப் படங்களுக்காகவே கிழித்துவைத்தவர்கள் உண்டு. பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து நெய்வேலி நகரியத்தின் புது வட்டங்களில் குடியேறியவர்களின் டிரங்குப் பெட்டிகளில் இந்தப் பழக்கமும் சேர்ந்தே வந்தது.

அட்டைப்பட ஓவியரின் படங்களை மட்டும் தொகுத்துப் பெரிய அளவில் அச்சிட்டு விற்பது மேல்நாட்டில் நன்றாக ஓடும் வியாபாரம். அமெரிக்காவில் 'க்ரீப்பி', 'ஈரி' போன்ற திகில் காமிக்ஸ்களுக்கு அட்டை வரைந்த ஃபிராங்க் ஃபிரஸெட்டாவின் ஓவியத் தொகுப்பு 1975-ல் வந்தது. அலெக்ஸ் ராஸ் வரைந்த சூப்பர்மேன், பேட்மேன் படங்கள் 2003-ல் 'மித்தாலஜி' என்ற கனத்த புத்தகமாயின. அங்கே கதையே படிக்காதவர்கூட ஓவியருக்காகப் புத்தகம் வாங்குகிறார். தமிழில் அந்த வேலையைப் பதிப்பாளர் செய்யாத காலத்தில் வாசகர் செய்தார், ஊசியும் நூலும் பைண்டர் கூலியும் கொண்டு.

பிறகு காமிக்ஸ் வந்தது. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. உள்ளே இருந்த படங்கள் லண்டன் ஃபிளீட்வே நிறுவனத்துக் கதையுடையவை, வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெஸூஸ் பிளாஸ்கோ. ஆனால் கடைக் கயிற்றில் தொங்கிப் பையன்களைப் பிடித்து நிறுத்தியது அட்டை. அந்த அட்டைகளில் பலவும் உள்ளூர்த் தூரிகை. காலண்டர் ஊரான சிவகாசியில் வண்ணம் தீட்டுகிற கைக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் வீட்டுக்கு வீடு சுவரில் மாட்டியிருந்த காலம் அது. அந்தக் காலண்டர் மரபின் சாயல் காமிக்ஸ் அட்டையிலும் தெரியும். வெள்ளைக்கார உளவாளியின் கன்னத்திலும் அதே ரோஜா நிறம், அதே மினுமினுப்பு. லண்டனில் அப்படி யாரும் சிவந்திருக்க மாட்டார்கள். சிவகாசியில் சிவப்பார்கள்.

1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ராணி முதல் இதழில் ஜேம்ஸ் பாண்ட், விலை ஒன்றரை ரூபாய். லயனில் சாகசக்காரி மாடஸ்தி. லயன், முத்து அட்டைகளுக்கு நெடுங்காலம் வரைந்தவர்களில் மாலையப்பன் பெயரைக் காமிக்ஸ் வாசகர்கள் அறிவார்கள். அவர்களைத் தாண்டி வெளியே கேட்டால், யார் அவர் என்பார்கள்.

இதற்குப் பைண்டரும் ஒரு காரணம், பாவம், வேண்டுமென்று செய்யாவிட்டாலும். வால்யூம் எப்படித் தயாராகும் என்று பார்த்தால் புரியும். முதலில் ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்குவார். கனமான வழவழப்பு அட்டை தையலுக்கு ஒத்துவராது என்று அதை உருவி ஓரமாகப் போடுவார். வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் அட்டை உள்ளே போகும். இதழ்களை அடுக்கித் தட்டிச் சமன்செய்து, முதுகில் ரம்பத்தால் கீறல் போட்டு, நூல் கோத்துத் தைப்பார். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை. காய்ந்ததும் கட்டிங் மெஷின். மூன்று பக்கமும் ஒரு வெட்டு, ஓரம் கத்தியாக நிற்கும். அந்த வெட்டில் உதிரும் காகித நாடாக்களோடுதான் பல ஓவியர்களின் கையெழுத்தும் போனது. ஓவியர் கையெழுத்துப் போடுகிற இடம் பெரும்பாலும் படத்தின் கீழ் மூலை. பைண்டரின் கத்தி முதலில் தொடுகிற இடமும் அதுவே.

கையெழுத்து தப்பிய இடத்திலும் சிக்கல் உண்டு. 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் அட்டைகளைத் தொடக்கத்தில் எம்.டி.வி. ஆச்சார்யாவும், பிற்பாடு பல ஆண்டுகள் வட்டாதி பாப்பய்யாவும் தீட்டினார்கள். பாப்பய்யா தன் பெயரை 'வ.பா.' என்று தெலுங்கில் போடுவார். தமிழ்ப் பையனுக்கு அது ஏதோ பூவேலைப்பாடு. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தெலுங்குக்காரர் இருந்து அவரிடம் கேட்கவும் தோன்றினால்தான் உண்டு. அதே இதழில் விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் படத்தை வரைந்த சங்கருக்குப் பத்மஸ்ரீ விருது 2021-ல் அறிவிக்கப்பட்டது. முந்தைய ஆண்டே, 96 வயதில், அவர் காலமாகியிருந்தார்.

ஓவியருக்கென்று தமிழ்நாட்டில் புத்தகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 'ஆனந்த விகடன்' இதழில் சில்பி கோயில் கோயிலாக உட்கார்ந்து வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' விகடன் பிரசுரமாகக் கிடைத்தது. ட்ராட்ஸ்கி மருது தமிழ் மன்னர்களை வரைந்த 'வாளோர் ஆடும் அமலை' இன்னொன்று. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் தமிழ்ப் பாக்கெட் நாவல்களை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, மலிவு நாவல் அட்டைகளுக்கும் புது மரியாதை கிடைத்தது. பெட்டிக்கடைப் படம் ஆங்கிலப் புத்தகக் கடைக்குள் நுழைந்தது. சினிமா பேனர் ஓவியர்களைப் பற்றித் தாரா புக்ஸும் புத்தகம் போட்டது. கோயில், மன்னர், சினிமா, மர்ம நாவல் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. சிவகாசிக் காமிக்ஸ் அட்டைக்காரர்களும் அதில் நிற்கத் தகுதியானவர்கள்தான். அவர்கள் வரைந்ததைக் குழந்தைச் சமாச்சாரம் என்று ஒதுக்கியது நம்முடைய மெத்தனம்.

சேகரிப்பாளர்கள் அப்படி ஒதுக்கவில்லை. பழைய இதழ் கைமாறும்போது அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அட்டை இருக்கா?" என்பது. உள்ளே ஒரு பக்கம் குறைந்தால்கூடச் சிலர் பொறுப்பார்கள், அட்டை இல்லையென்றால் முகம் சுருங்கும். ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. லயன் 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் நூறு ரூபாய்ச் சிறப்பிதழோடு மீண்டு வந்தபோது வாங்க வந்தவர்களில் பலருக்குத் தலை நரைத்திருந்தது. நெய்வேலிக்கும் சொந்தப் புத்தகக் கண்காட்சி உண்டு. 1998-ல் தொடங்கி, லிக்னைட் ஹாலில் நடந்துவந்திருக்கிறது. ஆனால் பழைய அட்டைகளைத் தேடுகிறவர் கண்காட்சியோடு நிற்கக் கூடாது. குவார்ட்டர்ஸ் காலியாகிற நாளில் எடைக்கு எடை போகிற கட்டுகளில்தான் அவை இருக்கின்றன.

ஆகவே, அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ சாவியை ஒப்படைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தராசில் வைக்குமுன் கட்டைப் பிரித்துப் பாருங்கள். அட்டை இருந்தால், கீழ் மூலையில் ஓவியரின் பெயர் தெரிந்தால், அதை ஒரு தாளில் எழுதி வால்யூமுக்குள் வையுங்கள். பிறகு விற்றாலும் சரி, லாரியில் ஏற்றினாலும் சரி.