வான்வெளியைப் பங்கிடல்: பல்கலைக்கழக வளாகங்களிற் கம்பியில்லா வலையமைப்பு

பல்கலைக்கழக வளாகமொன்றின் கம்பியில்லா வலையமைப்புப் புதுப்பிக்கப்படும்போது அறிவித்தற் பலகையில் இடம்பெறுவது பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே. முன்பு செக்கனுக்கு இத்தனை மெகாபிட், இனி அதன் இத்தனை மடங்கு என்பதே அவ்வறிவித்தலின் சாரம். அவ்வெண் பொய்யன்று. ஆயினும் அது ஒருவர் தனித்திருக்கும்போது பெறத்தக்க வேகத்தைக் குறிக்கிறதேயன்றி, விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேர் ஒருங்கே அமர்ந்திருக்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பதைக் குறிப்பதில்லை. இவ்வலையமைப்பின் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்று பார்க்குமிடத்து, வேகத்தைக் கூட்டுதல் எக்காலத்தும் இரண்டாவது பிரச்சினையாகவே இருந்துவந்தமை புலனாகும். ஒரே வான்வெளியைப் பலர் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பதே முதற் பிரச்சினை. அதனை முதன்முதலில் எதிர்கொண்டதும் ஒரு பல்கலைக்கழகமே.

ஹவாயிப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஹொனலூலு நகரையொட்டிய மானோவாப் பள்ளத்தாக்கில் அமைந்தது. அதன் ஏனைய கல்லூரிகளோ ஓவாகு, கவாயி, மாவி, ஹவாயி ஆகிய தீவுகளிற் சிதறிக் கிடந்தன. 1960 களின் இறுதியிற் கணனி என்பது ஓர் அறையை நிறைக்கும் பெரும்பொறி. மானோவாவிலிருந்த ஐ.பி.எம். 360/65 என்னும் கணனியைத் தொலைவிலிருந்து பயன்படுத்த விரும்புவோர் தொலைபேசிக் கம்பியை வாடகைக்குப் பெறவேண்டும். அதன் செலவோ பெரிது. மேலும், விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் தட்டெழுதும் நேரத்தைவிடச் சிந்திக்கும் நேரமே அதிகமாதலால், அவ்வாடகைக் கம்பி பெரும்பொழுது வெறுமையாகவே கிடக்கும். கம்பிக்குப் பதிலாக வானொலி அலைகளைப் பயன்படுத்தும் ஆய்வு 1968 இல் நோர்மன் ஏப்ரம்சன் தலைமையில் அங்கு தொடங்கியது. ஏப்ரம்சன் ஹவாயிக்குக் குடிபெயர்ந்தமைக்குக் கடலலைச் சறுக்கலில் அவர் கொண்டிருந்த ஆர்வமும் ஒரு காரணம் என்பர். ஆய்வின் வரலாற்றில் இத்தகைய காரணங்கள் பொதுவாக அடிக்குறிப்பிற்கூட இடம்பெறுவதில்லை.

பலர் ஒரே மீடிறனைப் பயன்படுத்தவேண்டுமாயின், ஒவ்வொருவருக்கும் ஒரு முறையை வகுத்துக் கொடுப்பதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. இன்னாருக்கு இந்நேரம் என அட்டவணை போடலாம். அன்றி மீடிறனைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்றாய் வழங்கலாம். ஆனால் பெரும்பொழுது மௌனமாயிருக்கும் பயனருக்கு இவ்வாறு பங்கை ஒதுக்குவது, வாடகைக் கம்பியின் வெறுமையை வான்வெளிக்கு மாற்றுவதாகவே முடியும். 1970 இல் வெளியான தமது கட்டுரையில் ஏப்ரம்சன் முன்வைத்த வழி துணிச்சலானது. அனுப்ப வேண்டியது இருப்பவர் எவரையும் கேளாது உடனே அனுப்புக. செய்தி சிறு பொதிகளாகச் செல்லும். ஒரு பொதி 704 பிட். அது நலமே சேர்ந்தால் மானோவாவிலிருந்து ஏற்பு வரும். இருவருடைய பொதிகள் வானில் மோதிச் சிதைந்தால் ஏற்பு வாராது. அப்பொழுது ஒவ்வொருவரும் தற்போக்கான ஒரு கால இடைவெளி காத்திருந்து மீண்டும் அனுப்புவர். இருவரும் ஒரே அளவு காத்திருப்பின் மறுபடியும் மோதுவர் என்பதால், அவ்விடைவெளி தற்போக்காய் அமைதல் இன்றியமையாதது.

இச்சுதந்திரத்திற்கு ஒரு விலை உண்டு. மிகச் சிறந்த நிலையிலும் அலைவரிசையின் 18.4 சதவீதத்துக்கு மேல் பயன்படாது என்பதை நிகழ்தகவுக் கணிதம் காட்டிற்று. எஞ்சியது மோதலிலும் வெறுமையிலும் கழியும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது பெருவிரயமாகத் தோன்றும். எனினும் செக்கனுக்கு 24,000 பிட் வேகங்கொண்ட ஓர் அலைவரிசையில், ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு ஒரு பொதி அனுப்புவதாகக் கொண்டால், முந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருங்கே பணிபுரியலாம் என அதே கணிதம் கூறிற்று. மேற்பார்வையாளரோ அட்டவணையோ இன்றி இத்தனை பேரை அடக்கியமையே இம்முறையின் சாதனை எனலாம். 1971 ஜூனில் 'அலோஹா' வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. நடைமுறையில் அதன் வேகம் செக்கனுக்கு 9600 பிட்டாகவே அமைந்தது. மானோவாவிற் பொதிகளைப் பெற்று வழிப்படுத்திய சிறுகணனிக்கு, ஹவாயி மக்களின் பழங்கதைகளில் வரும் குள்ளரின் பெயரான 'மெனஹூனே' என்பதைச் சூட்டினர்.

அதன்பின் வந்த ஒவ்வொரு சீர்திருத்தமும் மோதலைக் குறைக்கும் முயற்சியாகவே அமைந்தது. காலத்தைச் சமகூறுகளாக்கி, கூறு தொடங்கும்போது மாத்திரமே அனுப்புவது என்றால் பயன்பாடு இருமடங்காகி 36.8 சதவீதத்தை எட்டும் என்பதை 1972 இல் லோரன்ஸ் றொபேட்ஸ் காட்டினார். ஏப்ரம்சனின் ஆய்வைப் படித்த றொபேட் மெற்காஃப், 1973 இல் அக்கருத்தைக் கம்பிக்குள் கொண்டுவந்து 'ஈதர்நெற்' முறையை வகுத்தார். அனுப்புமுன் பிறர் பேசுகிறார்களா எனக் கேட்டல், பேசும்போதே மோதலைக் கண்டறிந்து நிறுத்தல் என்பன அதன் சிறப்பு. வான்வெளியில் இது இலகுவன்று. தன் ஒலிபரப்பின் வலிமையில் பிறருடைய நலிந்த சமிக்ஞை அமிழ்ந்துவிடுமாதலால், வானொலிக் கருவி பேசிக்கொண்டே கேட்க இயலாது. மேலும், கட்டடமொன்றின் இருபுறமும் நிற்கும் இருவர் ஒருவரையொருவர் அறியாமலே நடுவிலுள்ள நிலையத்தில் மோதக்கூடும். லெனார்ட் கிளைன்றொக், புவாட் தொபாகி ஆகியோர் 1975 இல் ஆராய்ந்த இம் 'மறைந்த முனையம்' என்னும் சிக்கல், இன்றும் ஒவ்வொரு வளாகத்திலும் உயிரோடிருக்கிறது.

வான்வெளி எவருடையது என்ற கேள்வியும் இடையில் எழுந்தது. ஒவ்வொரு மீடிறனுக்கும் அரசிடம் உரிமம் பெறவேண்டியிருந்தவரை இத்தகைய வலையமைப்புகள் ஆய்வுகூடத்தைத் தாண்டிப் பரவுதல் அரிதாயிருந்தது. 1985 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 902-928 மெகாஹேர்ட்ஸ் வீச்சையும், 2400, 5725 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும் வேறிரு வீச்சுகளையும் உரிமமின்றிப் பயன்படுத்த இடமளித்தது. நுண்ணலை அடுப்பு முதலிய பொறிகளின் இரைச்சல் மிகுந்த வீச்சுகளாதலின் இவற்றை வேறெவரும் பெரிதாக நாடவில்லை. கழிவுநிலமாய்க் கிடந்த வீச்சே பின்னர் பொதுநிலமாயிற்று.

அப்பொதுநிலத்தில் ஒரு முழு வளாகத்தையும் அடக்கும் முயற்சியை பிற்ஸ்பேர்க் நகரின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகம் 1993 இல் தொடங்கியது. அங்கு 1980 களிலேயே 'அன்ட்றூ' என்னும் கம்பிவழி வலையமைப்பு நிறுவப்பட்டிருந்தது. கம்பியில்லா வலையமைப்பு அதன் தொடர்ச்சியாக 'வயர்லெஸ் அன்ட்றூ' எனப்பட்டது. அலெக்ஸ் ஹில்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். முதலில் நிறுவப்பட்ட கருவிகள் 915 மெகாஹேர்ட்ஸ் வீச்சில் செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் இயங்கின. கட்டடங்களுள் ஆங்காங்கே பொருத்தப்பட்ட அணுகுநிலையங்கள், பழைய கம்பி வலையமைப்போடு இணைக்கப்பட்டன. பெயரளவிற் கம்பியில்லாதது எனினும், ஒவ்வோர் அணுகுநிலையத்துக்கும் ஒரு கம்பி சென்றே ஆகவேண்டும்.

புதுப்பித்தலின் உண்மையான சிக்கல் இங்குதான் வெளிப்பட்டது. 1997 இல் 802.11 என்னும் பொதுநியமமும், 1999 இல் செக்கனுக்கு 11 மெகாபிட் தரும் அதன் திருத்தமும் வந்தன. பழைய பெட்டியைக் கழற்றிப் புதிய பெட்டியை மாட்டினாற் போதும் எனத் தோன்றலாம், அது போதாது. புதிய நியமம் 2.4 கிகாஹேர்ட்ஸ் வீச்சுக்குரியது. மீடிறன் உயர உயரச் சுவர்களை ஊடுருவும் ஆற்றல் குறையும். மேலும், 11 மெகாபிட் என்பது அணுகுநிலையத்துக்கு அண்மையில் இருப்போர்க்கே வாய்க்கும். விலகிச் செல்லச் செல்லக் கருவி 5.5, 2, 1 எனத் தன் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும். ஆகவே நிலையங்களை நெருக்கமாக வைக்கவேண்டும். நெருக்கினாலோ அவை ஒன்றையொன்று குழப்பும். அவ்வீச்சில் ஒன்றோடொன்று கலவாத அலைவரிசைகள் மூன்றே. தேசப்படத்தில் அண்டை நாடுகளுக்கு வெவ்வேறு நிறம் தீட்டுவது போன்ற பணி இது. ஆனால் கையில் உள்ளவை மூன்று நிறங்கள் மாத்திரமே, அண்டை நாடோ மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் உண்டு. கற்சுவர், இரும்புக் கதவு, நூலகத்தின் புத்தக அடுக்கு ஆகிய ஒவ்வொன்றும் அலையை வெவ்வேறு அளவில் விழுங்குவதால், கருவியோடு அறை அறையாக நடந்து அளந்தறிவதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வாறு அமைந்த வலையமைப்பிலும் எதிர்பாராத ஓர் அநீதி மறைந்திருந்தமையை 2003 இல் பிரான்சின் கிரெனோபில் நகர ஆய்வாளர் வெளிப்படுத்தினர். 802.11 நியமம் எல்லாக் கருவிகளுக்கும் சமமான வாய்ப்பை வழங்கியது. ஆனால் அது பொதி அனுப்பும் முறைகளின் சமத்துவமேயன்றி நேரத்தின் சமத்துவமன்று. 1 மெகாபிட் வேகத்தில் இயங்கும் கருவி ஒரு பொதியை அனுப்புவதற்கு, 11 மெகாபிட் கருவியைப்போல் ஏறத்தாழப் பதினொரு மடங்கு நேரம் வான்வெளியைப் பிடித்துவைத்திருக்கும். விளைவாக, மண்டபத்தின் கடைசி மூலையில் ஒரேயொருவர் மெதுவான இணைப்போடு அமர்ந்திருந்தாலும், முன்வரிசையில் இருப்போர் அனைவரும் அவருடைய மட்டத்துக்கே இறங்குவர். இதற்கு நிருவாகிகள் கண்ட இலகுவான மருந்து குறைந்த வேகங்களை முற்றாக நிறுத்திவிடுவது. அதனாற் பெரும்பான்மையோர் பயனடைந்தனர் என்பது மெய். ஆனால் தூரத்து மூலையில் இருந்தவருக்கும் பழைய கருவி வைத்திருந்தவருக்கும் வலையமைப்பே இல்லாது போயிற்று. தொழில்நுட்பத் தீர்மானம் எனக் கருதப்படுவது உண்மையில் ஒரு பங்கீட்டுத் தீர்மானமாதலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

வலையமைப்பை வடிவமைப்போர் மாணவரைப் பற்றிக் கொண்டிருந்த கற்பனையும் சோதனைக்கு உள்ளாயிற்று. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 161 கட்டடங்களிற் பரந்திருந்த 476 அணுகுநிலையங்களின் பயன்பாட்டை டேவிட் கொற்ஸ், கோபி எசியன் ஆகியோர் 2001 இலையுதிர்காலத்திற் பதினொரு வாரங்கள் அவதானித்தனர். விரிவுரை மண்டபமும் புற்றரையுமே கம்பியில்லா வலையமைப்பின் இயல்பான இடங்கள் என விளம்பரப் படங்கள் காட்டிவந்தன. அளவீடுகளோ போக்குவரத்தின் பெரும்பகுதி மாணவர் விடுதிகளிலேயே நிகழ்ந்ததைக் காட்டின. புதுமுக மாணவர் தங்கிய விடுதிகளில் இது மேலும் மிகுந்திருந்தது. அன்றியும், சில கருவிகள் ஓர் அணுகுநிலையத்திற் தரியாது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓயாது தாவிக்கொண்டிருந்தன.

பாதுகாப்பின் வரலாறு சுருக்கமாகக் கூறத்தக்கது. முதல் நியமத்தின் மறைகுறியாக்கம் நலிவானது என்பதை 2001 இல் பேர்க்கிலி ஆய்வாளரும் பிறரும் நிறுவினர். 2004 இல் மாற்று நியமம் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், தன் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லைக் கொண்டே பிற பல்கலைக்கழகத்திலும் இணையும் 'எடுறோம்' திட்டம் நெதர்லாந்தில் முளைவிட்டு ஐரோப்பாவிற் பரவிற்று. இலங்கைக்கு அது 'லேர்ண்' என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பின் வழியாக வந்துசேர்ந்தது.

2021 இல் ஏற்கப்பட்ட 802.11ஏஎக்ஸ் நியமம் வரலாற்று நோக்கில் விசித்திரமானது. நெரிசல் மிகுந்த வேளையில் யார், எப்பொழுது, மீடிறனின் எத்துண்டிற் பேசவேண்டும் என்பதை அணுகுநிலையமே வகுத்தளிக்க அது வழிசெய்கிறது. ஏப்ரம்சன் ஒதுக்கிவைத்த அட்டவணை ஐம்பது ஆண்டுகளின் பின் திரும்பி வந்தது. நிமிடத்துக்கு ஒரு பொதி அனுப்பிச் சிந்தனையில் ஆழ்ந்திருந்த பயனர் இப்பொழுது இல்லை. அவர் பையிலும் சட்டைப்பையிலும் உள்ள கருவிகள் அவர் உறங்கும்போதும் பேசிக்கொண்டிருக்கின்றன. 2020 இல் வேறொரு வாயிலும் திறந்தது. அமெரிக்க ஆணைக்குழு 6 கிகாஹேர்ட்ஸ் வீச்சில் 1200 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றிப் பயன்படுத்த விட்டது. பிற நாடுகள் பல அதன் முழுமையையோ ஒரு பகுதியையோ திறந்தன. அவ்வீச்சில் மெதுவான பழைய கருவி எதுவும் நுழைய முடியாது. அதனைப் பயன்படுத்தும் உறுப்பு அக்கருவிகளில் இல்லை. எனவே அங்கு கிரெனோபில் ஆய்வாளர் கண்ட சிக்கல் பெரிதும் எழாது. புதிய கருவி வாங்கியவர் விரைந்து செல்வர். பழைய மடிக்கணனியோடு வருபவரும், ஆய்வுகூடத்தின் பழைய அளவீட்டுக் கருவிகளும் 2.4 கிகாஹேர்ட்ஸின் அதே மூன்று அலைவரிசைகளில், நுண்ணலை அடுப்பின் இரைச்சலுக்கிடையே காத்திருக்கின்றனர்.