மீன் வண்டி 'மிஸ்' அடிக்குதா? பழவேற்காடு உப்புக்காற்றில் ஸ்பார்க் பிளக்கை எப்படிப் பார்த்து மாற்றுவது?

பழவேற்காட்டில் ஏற்றிய இறால், ஐஸ் கரைவதற்குள் சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கும் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவழியில் வண்டி திணறி நின்றால் வாடகை மட்டுமா போகும்? சரக்கின் விலையும் இறங்கிவிடும். பெட்ரோல், சிஎன்ஜி பிக்கப்களில் இந்தத் திணறலுக்கு அடிக்கடி காரணமாவது தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக்.

உங்க வண்டியில் பிளக் இருக்கா?

2005-ல் வந்த டாடா ஏஸ், அதாங்க நம்ம 'குட்டி யானை', டீசல் வண்டி. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். சில டீசல் வண்டிகளில் இருக்கும் குளோ பிளக் ஸ்டார்ட் செய்ய மட்டும் உதவுவது. அது வேற சமாச்சாரம். ஏஸ் பெட்ரோல், சிஎன்ஜி மாடல்கள், மாருதி சூப்பர் கேரி போன்றவற்றில்தான் ஸ்பார்க் பிளக் வேலை. ஏஸ் பெட்ரோலுக்கு 2 சிலிண்டர்தான். அதில் ஒரு பிளக் செத்தால் பாதி என்ஜினே போச்சு!

எதை வாங்கணும்?

வண்டியின் கையேட்டில் உள்ள பிளக் நம்பரை அப்படியே வாங்குவதுதான் நல்லது. மரை நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும் ஆபத்து உண்டு. இன்னொரு சிக்கல் 'ஹீட் ரேஞ்ச்'. என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூட அது 'கோல்ட்' பிளக். போஷில் எண் கூடினால் 'ஹாட்'. கம்பெனி மாற்றி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். இரிடியம் பிளக் விலை அதிகம், ஆனால் சாதாரண நிக்கல் பிளக்கைவிடப் பல மடங்கு உழைக்கும். சிஎன்ஜியைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் தேவை. அதனால் பெட்ரோலில் நன்றாக ஓடும் வண்டி, கேஸுக்கு மாற்றியதும் 'மிஸ்' அடித்தால் முதலில் பிளக்கைச் சந்தேகப்படலாம்.

கழற்றும்போது கவனம்

என்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடும், பிறகு செலவு ஆயிரக்கணக்கில் போகும். கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் ஓடும் வண்டிகளில் பிளக் குழியில் மணல் தேங்கியிருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் பிளக்கைத் திருகினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும்.

வந்த பிளக்கின் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் கவலையில்லை. காய்ந்த கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் என்ஜின் அதிகமாகச் சூடாகிறது என்று அர்த்தம்.

புதியதை முதலில் கையாலேயே திருக வேண்டும். ஆரம்பத்திலேயே ஸ்பேனர் போட்டால் மரை கோணலாக ஏறிவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், வாஷர் உள்ள புது பிளக்கைக் கையால் இறுகிய பிறகு ஏறக்குறைய அரைச் சுற்று திருப்பினால் போதும். துருவுக்குப் பயந்து மரையில் கிரீஸ் தடவுகிறார்கள், தேவையில்லை. வழுக்கி அளவுக்கு மேல் இறுகிவிடும். உப்புக்காற்று அதிகம் கெடுப்பது காயில் கனெக்டரைத்தான். அங்கே பச்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

புது பிளக் போட்டும் திணறல் நிற்கலையா? சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் இரண்டு காயில்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். 'மிஸ்' அடுத்த சிலிண்டருக்குத் தாவினால் மாற்ற வேண்டியது காயிலை.