ஆங்கில வாக்கியத் திருத்தத்தில் இணை வினைகளும் அடைத்தொடர்களும்

ஆங்கில வாக்கியத் திருத்தம் என்பது ஒரு வாக்கியத்திலுள்ள இலக்கண வழுவையும் பொருள் மயக்கத்தையும் கண்டு களையும் பயிற்சி. போட்டித் தேர்வுகளில் இது ஒரு வினா வகை. இதில் அடிக்கடி சோதிக்கப்படும் கூறுகள் இரண்டு. ஒரே எழுவாய்க்கு உரியனவாய், ஒரே தகுதியில் நிற்கும் வினைகள் இணை வினைகள். வேறொரு சொல்லையோ முழு வாக்கியத்தையோ விளக்கி, அதைச் சார்ந்து நிற்பவை அடைத்தொடர்கள். பாடநூல்கள் இவற்றைத் தனித்தனியே கற்பித்தாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒரே கேள்விதான்: வாக்கியத்தில் வரும் செயல் முதன்மைச் செயலுக்குச் சமமானதா, அதைச் சார்ந்ததா? அதற்கான விடையே வினையின் வடிவத்தை முடிவு செய்கிறது.

இணையமைப்பு

'அண்ட்', 'ஆர்', 'பட்' ஆகிய இணைப்புச் சொற்கள் ஒரே இலக்கண வகையைச் சேர்ந்தவற்றையே இணைக்க வேண்டும். 'ஷீ ஓபன்ட் தி டோர், ஸ்விட்ச்டு ஆன் தி லைட் அண்ட் சிட்டிங் டௌன்' என்பது வழு. 'சிட்டிங்' இருக்கும் இடத்தில் 'சேட்' வர வேண்டும். தமிழில் இதே செய்தி 'கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, உட்கார்ந்தாள்' என்று அமையும். கடைசி வினை மட்டுமே முற்று, முன்னிரண்டும் வினையெச்சங்கள். ஆங்கிலத்தில் மூன்றும் முற்றாகவே நிற்கும். தமிழ்த் தொடரமைப்பில் பழகியவர்கள் தடுமாறக்கூடிய இடம் இது.

இணை வினைகள் எல்லாம் ஒரே காலத்தில் இருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். 'ஹீ க்ரூ அப் இன் கெய்ரோ அண்ட் நௌ டீச்சஸ் இன் லண்டன்' என்பதில் முதல் வினை இறந்தகாலம், அடுத்தது நிகழ்காலம். இரண்டும் முற்று என்பதால் இணையமைப்பு கெடவில்லை. பொருளுக்கு ஏற்பக் காலம் மாறலாம். இலக்கணத் தகுதி மாறக் கூடாது.

'டு' சேர்ந்த வினைகளில் அச்சொல்லை முதல் வினையோடு மட்டும் வைக்கலாம், அல்லது எல்லா வினைகளோடும் வைக்கலாம். 'டு ரீட், ரைட் அண்ட் ஸ்பீக்' சரி. 'டு ரீட், டு ரைட் அண்ட் டு ஸ்பீக்' என்பதும் சரி. 'டு ரீட், ரைட் அண்ட் டு ஸ்பீக்' எனக் கலப்பது வழு.

'நாட் ஒன்லி – பட் ஆல்ஸோ', 'ஐதர் – ஆர்', 'போத் – அண்ட்' போன்ற இரட்டை இணைப்புகளில் ஒவ்வொரு பாதிக்கும் பின்னால் வருவது ஒரே வகையாக இருக்க வேண்டும். 'ஹீ ரைட்ஸ் நாட் ஒன்லி நாவல்ஸ் பட் ஆல்ஸோ ப்ளேஸ்' என்பதில் இரு பக்கமும் பெயர்ச்சொல் நிற்கிறது. 'ஹீ நாட் ஒன்லி ரைட்ஸ் நாவல்ஸ் பட் ஆல்ஸோ ப்ளேஸ்' என்றால் ஒரு பக்கம் வினை, மறுபக்கம் பெயர் என்றாகிவிடும்.

அடைத்தொடரின் இடம்

வாக்கியத்தின் முகப்பில் வரும் 'இங்' வடிவ அடைத்தொடருக்கு, அதை அடுத்து வரும் எழுவாயே வினைமுதல். 'வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்' என்றால் மழை நிலையத்துக்கு நடந்து சென்றதாகப் பொருள்படும். இவ்வாறு பற்றிக்கொள்ள எழுவாய் இல்லாமல் நிற்பது தொங்கும் அடை எனப்படும். 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு தி ஸ்டேஷன்' என எழுவாயை வெளிப்படையாகச் சொல்வது திருத்தத்தின் ஒரு வழி.

தமிழ் இலக்கணத்திலும் இதற்கு நெருங்கிய விதி உண்டு. செய்து, செய்யூ, செய்பு என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள் தம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்கிறது தொல்காப்பியம். 'மழை பெய்து நெல் விளைந்தது' போன்ற வழக்கைச் 'செய்தென' என்னும் எச்சம் திரிந்தது எனக் கொண்டு இலக்கண நூலார் ஏற்றனர். தேர்வு ஆங்கிலத்தில் இத்தகைய விலக்குக்கு இடமில்லை. எழுவாய் வேறானால் அதைத் தனியே சொல்லியாக வேண்டும்.

சமமும் சார்பும்

ஒரே செய்தியை இணை வினையாகவும் சொல்லலாம், அடைத்தொடராகவும் சொல்லலாம் என்னும் இடத்தில்தான் கடினமான வினாக்கள் அமைகின்றன. ஒரு குழு ஐந்து திட்டங்களைப் பரிசீலித்தது, இரண்டை நிராகரித்தது, மூன்றை ஏற்றது என்று கொள்வோம். 'ரிவ்யூட், ரிஜெக்டட் அண்ட் அப்ரூவ்டு' என அடுக்கினால் மூன்றும் சமமான செயல்கள். 'ரிவ்யூட் ஃபைவ் பிளான்ஸ், ரிஜெக்டிங் டூ அண்ட் அப்ரூவிங் த்ரீ' என்றால் பரிசீலனையே முதன்மைச் செயல். மற்ற இரண்டும் அதன் விளைவு. அந்த இரு அடைகளும் தமக்குள் இணையாக நிற்கின்றன. 'ரிவ்யூட் ஃபைவ் பிளான்ஸ், ரிஜெக்டிங் டூ, அண்ட் அப்ரூவ்டு த்ரீ' என்பதையும் இலக்கணம் அனுமதிக்கும். ஆனால் 'அப்ரூவ்டு' முதல் வினைக்கு இணையாகி, 'ரிஜெக்டிங்' கீழே இறங்கிவிடுவதால், ஒரே எடையுள்ள இரு முடிவுகள் வெவ்வேறு தகுதி பெறுகின்றன. பொருள் கோணும் இத்தகைய விடையைத் தள்ள வேண்டும்.

காற்புள்ளியை அடுத்து வரும் 'விச்' மற்றொரு பொறி. 'தி ரிவர் ஃப்ளட்டட், விச் டெஸ்ட்ராய்டு தி க்ராப்ஸ்' என்பதில் 'விச்' சுட்டுவது வெள்ளம் வந்த நிகழ்வை. பேச்சிலும் எழுத்திலும் இது பரவலாக வழங்கினாலும், 'விச்' ஒரு பெயர்ச்சொல்லையே சுட்ட வேண்டும் என்பது தேர்வு மரபு. நிகழ்வு முழுவதன் விளைவைக் காட்ட 'டெஸ்ட்ராயிங் தி க்ராப்ஸ்' என்பதே அங்கு ஏற்ற வடிவம்.

ஒரு வடிவம், இரு வேலை

'ஈடி' ஈறு இறந்தகால முற்றுக்கும் உண்டு, செயப்பாட்டு எச்சத்துக்கும் உண்டு. 'தி டவர், கம்ப்ளீட்டட் இன் 1889, அட்ராக்ட்ஸ் விசிட்டர்ஸ்' என்பதில் 'கம்ப்ளீட்டட்' அடை; 'அட்ராக்ட்ஸ்' மட்டுமே முற்று. இந்த வடிவ ஒற்றுமை வாசிப்பவரை எப்படித் திசைதிருப்பும் என்பதை, ஒரு குதிரையைப் பற்றிய வாக்கியத்தைக் கொண்டு உளமொழியியலாளர் தாமஸ் பீவர் 1970இல் விளக்கினார். மொழியியல் வகுப்புகளில் இன்றும் அது எடுத்துக்காட்டாகப் பயன்படுகிறது.

விதியும் வழக்கும்

கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட கையேட்டில், இணையான கருத்துகளுக்கு இணையான வடிவம் தருவதையும் முகப்பு அடை எழுவாயைச் சுட்டுவதையும் விதிகளாக்கினார். ஹென்றி ஃபௌலரின் 1926ஆம் ஆண்டு வழக்கு அகராதியும் பற்றின்றி நிற்கும் எச்சங்களைப் பற்றிப் பேசுகிறது.

ஆனால் வழக்கு விதியைவிட நெகிழ்வானது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில், தோட்டத்தில் உறங்கியபோது பாம்பு தன்னைத் தீண்டியதாகப் பரவிய கதையை மன்னரின் ஆவி குறிப்பிடுகிறது. அந்தத் தொடரை விதிப்படி படித்தால் உறங்கியது பாம்பே. 'கன்சிடரிங்', 'ரிகார்டிங்' போன்றவை முன்னிடைச் சொற்களாகவே நிலைத்துவிட்டதால் அவற்றுக்கு இவ்விதி பொருந்தாது.

தேர்வுகளில்

மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் இவ்வினா வகை இடம்பெற்றிருந்தது. அதில் வாக்கியத்தின் ஒரு பகுதி அடிக்கோடிடப்பட்டு ஐந்து விடைகள் தரப்பட்டன. முதல் விடை மூலத்தை மாற்றாமல் திரும்பத் தந்தது. 2023 நவம்பரில் வந்த அத்தேர்வின் ஃபோகஸ் பதிப்பில் இவ்வினா வகை நீக்கப்பட்டது. எனினும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் முகப்பு அடையின் பொருத்தம் தொடர்ந்து சோதிக்கப்படுகிறது. இந்தியாவில் பணியாளர் தேர்வாணையத்தின் ஆங்கிலத் தாள்களிலும் வங்கித் தேர்வுகளிலும் வாக்கிய மேம்பாடு, பிழை காணல் என்னும் பெயர்களில் இத்தகைய வினாக்கள் இடம்பெறுகின்றன.