என்ன பாம்பு? எந்த ஊர்ப் பாம்பு? – விஷமுறிவு மருந்தின் கதை

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு போனா வரிசையா கம்பெனிகள்தான். இங்கிருந்து நாடு முழுக்கப் போற சரக்கு என்னன்னு கேட்டா கார், செல்போன்னு சொல்வோம். ஆனா பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்து போற இன்னொரு சரக்கும் இருக்கு. பாம்பு விஷம். அதோட வரலாற்றைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

ஒருத்தரைப் பாம்பு கடிச்சதுன்னா எல்லாரும் முதல்ல கேட்கிறது, "என்ன பாம்பு?" மருத்துவமும் அங்கேதான் தொடங்குச்சு. கிழக்கிந்தியக் கம்பெனியில இயற்கையியலாளரா இருந்த பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-ல் ஒரு நூல் வெளியிட்டார். எது விஷமுள்ளது, எது இல்லாததுன்னு பிரிச்சுச் சொல்றதுதான் அவருடைய நோக்கம். நம்ம கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான் நிலைச்சது. ஆனா அவர் அதை உள்ளூர் மக்கள் சொன்ன தெலுங்குப் பெயரில்தான் பதிவு செய்திருந்தார்.

மருந்து வர இன்னும் நூறு வருஷம் ஆச்சு. 1890-களின் நடுவில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஆல்பெர் கால்மெட், நாகப்பாம்பு விஷத்தை விலங்குகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவான எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். இந்த ஒரே சீரம் எல்லாப் பாம்புக் கடிக்கும் போதும்னு நம்பினார். அது சரியில்லைன்னு காட்டியவர்களில் ஒருவர் இந்தியாவில் வேலை பார்த்த மருத்துவர் ஜார்ஜ் லாம்ப். நாக விஷத்துக்கான சீரம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கலை. "என்ன பாம்பு?" என்ற கேள்வி திரும்பவும் வந்துடுச்சு.

அதுக்கு இந்தியா கண்ட வழிதான் கூட்டு மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் – இந்த நாலு விஷத்தையும் குதிரைகளுக்கு ஏற்றி ஒரே மருந்தா எடுக்கிறது. இப்போ டாக்டர் பாம்பைப் பார்க்க வேண்டியதில்லை. கடிபட்டவர் உடம்பைப் பார்த்தா போதும். கண் இமை தொங்குதா, பேச்சு குழறுதான்னு பார்ப்பார். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வைப்பார். சாய்க்கும்போது உறையாம ஓடினா, விரியன் விஷம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

சரி, இத்தனை விஷம் எங்கிருந்து வரும்? இங்கேதான் இருளர்கள் வர்றாங்க. தலைமுறை தலைமுறையா பாம்பு பிடிச்சவங்க. ஒரு காலத்துல தோலுக்காகப் பிடிச்சாங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-ல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவங்க பிழைப்பை நிறுத்திடுச்சு. 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாச்சு. இப்போ அது மாமல்லபுரம் போற வழியில், வடநெம்மேலியில் இருக்கு. பிடிச்ச பாம்பை மண்பானையில் சில வாரம் வைப்பாங்க. வாரம் ஒரு தரம் விஷம் எடுப்பாங்க. வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு மறுபடி காட்டில் விட்டுடுவாங்க. அந்த அடையாளம் அழியுற வரைக்கும் அதே பாம்பைத் திரும்பப் பிடிக்க மாட்டாங்க.

ஒரு சின்னக் கணக்கு. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியா 63 மில்லிகிராம் விஷம் இறக்கும். 10 மில்லி மருந்துக் குப்பி ஒண்ணு, 6 மில்லிகிராமை முறிக்கும். அதனாலதான் ஆரம்பத்திலேயே எட்டு, பத்து குப்பி ஏத்துறாங்க. குழந்தைக்கும் அதே அளவுதான். குழந்தைன்னு பாம்பு விஷத்தைக் குறைச்சு விடுறதில்லையே!

இவ்வளவு இருந்தும், 2000-த்துல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு ஒரு ஆய்வு மதிப்பிடுது. வருஷத்துக்கு சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. தாமதம், தூரம், மந்திரிப்பு எல்லாம் காரணம். ஆனா மருந்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கு.

மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு நம்ம பக்கத்துப் பாம்புகளோடது. ஒரே இனப் பாம்பா இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் கலவை மாறும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகர் குழு சோதிச்சப்போ, ராஜஸ்தான் பக்கத்துக் கட்டுவிரியன், வங்காளத்து நாகம் மாதிரி வேறு இனங்களின் விஷத்தை இந்த மருந்து சரியா முறிக்கலைன்னு தெரிஞ்சது. கால்மெட் செஞ்ச தப்புக்கணக்கு வேற உருவத்துல தொடருது. "என்ன பாம்பு?" என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைச்சிருக்கு. "எந்த ஊர்ப் பாம்பு?" என்ற கேள்வி இன்னும் பாக்கி.

2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி எந்த ஊரில் எத்தனை கடின்னு கணக்கு வரணும். அப்பதான் எங்கே எவ்வளவு மருந்து வேணும்னு தெரியும். மத்த ஊர்ப் பாம்புகளிடமும் விஷம் எடுக்க ஏற்பாடு செஞ்சா, இங்கே இருளர்கள் கொடுத்த பாதுகாப்பு அங்கேயும் போய்ச் சேரும்.

கடைசியா ஒண்ணு. பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. பாம்பைத் தேடி அடிக்கவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காம வெச்சு, கடிச்ச நேரத்தைக் குறிச்சுக்கிட்டு, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்க. ராத்திரி தரையில் படுத்தவர் காரணமே தெரியாம காலையில வயித்துவலின்னு சொல்லி, கண்ணைத் திறக்க முடியாம இருந்தா, கட்டுவிரியனா இருக்கலாம். கடி வலிச்சே இருக்காது. காத்திருக்காதீங்க.

அடுத்த வாரம் வேறொரு கதையோட சந்திப்போம்.