ஈ, தா, கொடு: இருவரிடை அதிகாரத்தை அளந்த வரலாறு

ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்குரிய மூன்று சொற்களைத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்துரைக்கிறார். தாழ்ந்தோன் ‘ஈ’ என்று கேட்பான். ஒத்தோன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். தேர்வுக்காக மனனம் செய்து மறந்துவிடும் விதிகளுள் இதுவும் ஒன்று. எனினும், இருவருள் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்பதைக் கேட்கும் சொல்லைக் கொண்டே அறியலாம் என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது. பாலுறவால் பரவும் நோய்களை ஆராய்வோர் கடந்த கால் நூற்றாண்டாக அளக்க முயல்வதும் ஏறத்தாழ இதனையே. தன் பாதுகாப்பைத் தன் துணைவரிடம் கேட்க ஒருவரால் இயலுகிறதா என்பதே அவர்தம் வினா. ஆண்கள் இருவர்க்கிடையிலான உறவில் அவ்வினா எவ்வாறு எழுந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மொழியியலில் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகிய இருவரும் முன்னிலைப் பெயர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1960-இல் வெளிவந்தது. ஐரோப்பிய மொழிகளில் ‘நீ’, ‘நீங்கள்’ என்பவற்றுக்கு நிகரான சொற்களை அதிகாரம், ஒட்டுறவு என்னும் இரண்டு அச்சுகளில் வைத்து அவர்கள் விளக்கினர். இருவரும் ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டால் அது ஒட்டுறவு. ஒருவர் ‘நீ’ என்ன, மற்றவர் ‘நீங்கள்’ என்றே விடையிறுக்க வேண்டியிருப்பின் அது அதிகாரம். இக்கட்டுரையைப் பாடமாகப் படித்தோருள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. அவ்விருவரும் நாற்பது ஆண்டுக்காலம் இணையராக வாழ்ந்தவர்கள். கில்மன் மறைந்தபின் 1996-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் பிரவுன் இதனைப் பதிவு செய்தார். முதுமையில் பணம் கொடுத்து இளைஞரின் துணையை நாடியதையும் அவர் மறைக்கவில்லை. வயதும் பணமும் உறவைச் சாய்க்கும் விதத்தை, அதிகாரத்தைக் கோட்பாடாக எழுதியவரே வாழ்விலும் கண்டார்.

நோயின் வரலாறு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். மலேசியாவிலும் அதே ஆண்டில்தான் முதல் தொற்று பதிவாயிற்று. இங்கு நெடுங்காலம் ஊசிவழிப் போதைப்பொருளே முதன்மைக் காரணமாக இருந்தது. 2002-இல் மட்டும் ஏறத்தாழ 7,000 புதிய தொற்றுகள் பதிவாயின. 2006 முதல் தூய ஊசி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வழிப் பரவல் குறைந்தபின் பாலுறவே முதன்மை வழியாயிற்று.

பரவலைத் தடுக்க முனைந்தோர் மக்களை வகைப்படுத்தினர். இந்தியாவில் 2007-இல் தொடங்கிய மூன்றாம் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களைக் ‘கோத்தி’, ‘பந்தி’, ‘டபுள் டெக்கர்’ எனப் பகுத்தது. உறவில் ஏற்பவர், செலுத்துபவர், இரண்டுமாக இருப்பவர் என்பன முறையே இவற்றின் பொருள். இப்பகுப்புக்கு உடலியல் அடிப்படை உண்டு. தொற்றுடைய, மருந்து உட்கொள்ளாத ஒருவருடன் ஆணுறையின்றி உறவு நிகழுமாயின், 10,000 நிகழ்வுகளில் ஏற்பவருக்கு 138 முறையும் செலுத்துபவருக்கு 11 முறையும் தொற்று நேரலாம் என்பது 2014-இல் வெளியான மதிப்பீடு. ஆயினும், உடலின் நிலையை அதிகாரத்தின் நிலையாகக் கொள்வது பிழையாகும். ஏற்பவரே மூத்தவராகவும், வீட்டுக்கு உரியவராகவும், பணம் கொடுப்பவராகவும் இருத்தல் கூடும். ‘கோத்தி’ என்று பதிவேட்டில் எழுதியதால், அவரால் மறுக்க முடியுமா முடியாதா என்பது விளங்கிவிடாது.

மறுக்கும் ஆற்றலை நேரடியாக அளக்கும் முயற்சியில் 2000-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. ஜூலி புலர்விட்ஸும் உடனாய்வாளரும் 23 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமெரிக்காவில் வெளியிட்டனர். அவற்றுள் 15 வினாக்கள் துணைவரின் கட்டுப்பாட்டைப் பற்றியவை. எஞ்சிய எட்டும் முடிவெடுப்பதில் யார் ஓங்கியிருக்கிறார் என்பதைப் பற்றியவை. அதிகாரம் மிகுந்திருந்த பெண்கள், குறைந்திருந்தோரைக் காட்டிலும் தவறாது ஆணுறை பயன்படுத்துவதாகக் கூறும் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. 2004-இல் தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் 1,366 கருவுற்ற பெண்களிடையே வெளிவந்த ஆய்வும், ஆணின் கட்டுப்பாடு மிகுந்த உறவில் தொற்று மிகுதி என்று காட்டிற்று.

ஆனால் அவ்வளவுகோல் பெண்களுக்காக வகுக்கப்பட்டது. ஆண் ஆள்பவன், பெண் ஆளப்படுபவள் என்னும் சமூக அமைப்பே அதன் அடித்தளம். இருவரும் ஆணாயின் அந்த அச்சு பயன்படாது. வயது, வருவாய், வீடு, கல்வி, குடியுரிமை, தன் நோய்நிலையை அறிந்திருத்தல் ஆகியவற்றுள் எது அவ்விருவரிடையே எடை பெறுகிறது என்று புதிதாகக் கேட்க வேண்டும். ஆண் இணையர்க்கெனத் தனி அளவுகோல்கள் பின்னர் உருவானமைக்கு இதுவே காரணம்.

அவ்வினாக்களைத் தமிழில் பெயர்ப்போர்க்கு மற்றுமோர் இடர் காத்திருக்கிறது. ‘ஆணுறை அணியச் சொன்னால் உங்கள் துணைவர் சினங்கொள்வாரா?’ என்று கேட்பதாகக் கொள்வோம். ஆங்கிலத்தில் ஆண்பாற் சுட்டுப்பெயர் ஒன்றே போதும். தமிழிலோ ‘அவன்’ அல்லது ‘அவர்’ என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ‘சினங்கொள்வாரா’ என்றால் துணைவரை உயர்த்திவிட்டோம்; ‘சினங்கொள்வானா’ என்றால் இணையாக்கினோம் அல்லது தாழ்த்தினோம். எதை அளக்க வந்தோமோ அதற்குரிய விடையை வினாவே முன்கூட்டி எழுதிவிடுகிறது. ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கினால் அமைந்த உயர்வுச் சொல்லேயன்றி இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியர் பிரித்துரைத்ததன் பயன் இங்கே புலனாகிறது. அவ்வழக்கு யாரிடமிருந்து யாரை நோக்கிச் செல்கிறது என்பதே நமக்குச் சான்று. ஆதலின், தம் துணைவரை எவ்வாறு அழைக்கிறார், அவர் தம்மை எவ்வாறு அழைக்கிறார் என்பதை முதலில் கேட்டறிந்து, அவர் சொல்லையே வினாவில் இட்டு வினவுதல் நன்று. இருவரும் ‘வாடா, போடா’ என்பது வேறு. ஒருவர் ‘வாடா’ என, மற்றவர் ‘வாங்க’ என்பது வேறு.

ஜொகூர் வாசகர்க்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளதன்று. ஆங்கிலேயர் இந்தியாவுக்கென 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு இந்நிலப்பகுதிக்கும் வந்து சேர்ந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவை அப்பிரிவிலிருந்து விலக்கிற்று. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2023 ஜனவரியில் நீக்கிற்று. மலேசியாவில் இன்றும் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் சட்டத்தில் உள்ளன. 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் ஒரு கரையில் குற்றமல்லாதது, மறுகரையில் குற்றமாகிறது. இத்தகைய நிலையில் ‘காட்டிக்கொடுப்பேன்’ என்னும் ஒற்றைச் சொல் இருவருள் ஒருவர் கையில் ஆயுதமாகிவிடலாம். அளவுகோல் வகுப்போர் அதனையும் ஒரு வினாவாகச் சேர்த்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் அறிவதால் விளையும் பயன் யாது? தொற்றுடையவர் முறையாக மருந்துண்டு, குருதியில் நுண்கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவால் அது பரவுவதில்லை. 2019-இல் ஐரோப்பாவில் ஏறத்தாழ 780 ஆண் இணையரிடையே நிறைவுற்ற ஆய்வில், அவ்வாறு துணைவரிடமிருந்து பரவிய தொற்று ஒன்றுகூட இல்லை. மருந்து உண்டு, சோதனை உண்டு, ஆணுறை உண்டு. இவற்றைப் பற்றித் துணைவரிடம் வாய் திறந்து கேட்கும் நிலை இல்லாதவர்க்கு இவை எட்டுவதில்லை. ‘ஈ’ என்று இரந்தும் கேட்க அஞ்சுவோர் எத்தனை பேர், ‘தா’ என்று இயல்பாகக் கேட்போர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பதே அளவுகோலின் பணி. வகுப்பறையில் அவ்விதியை நடத்தும் ஆசிரியர், ‘கேட்கவே முடியாதவனுக்கு எச்சொல்?’ என்று மாணவரை ஒருமுறை வினவிப் பார்க்கலாம்.