அவிழாத துவாய்

நீதிமன்றில் ஜூரிமாருக்கு முன்னால் மோதுவன இரண்டு கதைகள் என்றே நான் கருதுகிறேன். சாட்சியங்களை எவர் நம்பும்படியாகக் கோத்துச் சொல்கிறாரோ அவர் பக்கம் ஜூரிமார் சாய்ந்துவிடுகின்றனர். இதற்கு 1959இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி கப்பலிலிருந்து வீடு திரும்புகிறார். மனைவி முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஏப்ரல் 27ஆந் திகதி, பிரேம் அஹூஜா என்பவருடனான தன் உறவை அவர் ஒப்புக்கொள்கிறார். மனைவியையும் பிள்ளைகளையும் சினிமாக் கொட்டகையில் இறக்கிவிட்ட நானாவதி, கப்பலுக்குச் சென்று ரிவோல்வரும் ஆறு தோட்டாக்களும் பெறுகிறார். ஒரு காகித உறைக்குள் அதை இட்டுக்கொண்டு அஹூஜாவின் வீட்டுக்குப் போகிறார். மூன்று வெடிகள். அஹூஜா இறந்துபோகிறார்.

சாட்சிக் கூண்டில் நானாவதியே தன் கதையைச் சொன்னார். மனைவியை மணந்து பிள்ளைகளையும் பொறுப்பேற்பாயா என்று கேட்கத்தான் போனாராம். அஹூஜா இழிவாகப் பதில் சொல்லி உறையைப் பறிக்க வந்தாராம். இழுபறியில் வெடித்துவிட்டதாம். நாட்டைக் காக்கக் கடலுக்குப் போனவனுக்கு வீட்டிலே துரோகம் என்ற கதை ஏற்கெனவே ஊரெங்கும் பரவியிருந்தது. 'பிளிட்ஸ்' சஞ்சிகை அதை ஊதிப் பெருப்பித்தது. ஒன்பது ஜூரிமாரில் எட்டுப் பேர் அவர் குற்றவாளியல்லர் என்றனர்.

அந்தக் கதைக்குள் ஒரு பொருள் மட்டும் அடங்கவில்லை. அப்போதுதான் குளித்திருந்த அஹூஜாவின் இடுப்பில் இருந்தது ஒரு துவாய் மாத்திரமே. குளியலறையில் பிணமாகக் கிடந்தபோதும் அது அவிழவில்லை. கைகலப்பு நடந்திருந்தால் அது எப்படி நின்றிருக்கும்?

நீதிபதி மேத்தா ஜூரிமாரின் முடிவை ஏற்காமல் வழக்கை மேல் நீதிமன்றுக்கு அனுப்பினார். 1960இல் ஆயுள் தண்டனை கிடைத்தது; 1961இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 1964இல் ஆளுநரின் மன்னிப்பில் நானாவதி விடுதலையானார்.

இந்த வழக்குத்தான் இந்தியாவில் ஜூரி முறையை ஒழித்தது என்பார்கள். அதுவும் கேட்பதற்கு நல்ல கதைதான். ஆனால் 1958இலேயே இந்தியச் சட்ட ஆணைக்குழு அம்முறையை நீக்குமாறு சிபாரிசு செய்துவிட்டது.

கதை சொல்லும் நமக்கு இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. உயிரோடிருந்தவருக்கு நாவு இருந்தது. இறந்தவருக்காகப் பேச ஒரு துவாய் இருந்தது. அந்த எட்டுப் பேரின் காதில் அது விழவில்லை. மனம் உருகக் கதை கேட்கும்போதெல்லாம், இதில் பேச முடியாமற் கிடப்பவர் எவர் என்று நாம் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.