அந்த 225 ரூபாய் எங்கே போச்சு?

ஃபோன்ல முதலீட்டு ஆப்பைத் திறந்து ஏதாவது ஒரு மியூச்சுவல் ஃபண்டைத் தேடிப் பாருங்க. அதே ஃபண்டு, அதே மேனேஜர், ஆனா ரெண்டு பேர்ல இருக்கும்: ரெகுலர், டைரக்ட். இது எப்படி வந்ததுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

2009-க்கு முன்னாடி ஒரு ஈக்விட்டி ஃபண்டுல ஏஜென்ட் மூலமா 10,000 ரூபாய் போட்டா, பெரும்பாலும் 9,775 ரூபாய்தான் முதலீட்டுக்குப் போகும். மீதி 225 ரூபாய், அதாவது 2.25 சதவீதம், வாசல்லயே கழிஞ்சிடும். இதுக்குப் பேரு என்ட்ரி லோடு. ஏஜென்ட் கமிஷன் இதிலிருந்துதான் போச்சு. உட்கார்ந்து பொறுமையா விளக்கினவருக்கும் இதே கட்டணம். கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பினவருக்கும் இதே கட்டணம்.

2009 ஆகஸ்ட் 1 முதல் செபி இதை நிறுத்தியது. அப்போது தலைவர் சி.பி. பாவே. 'ஏஜென்டோட சேவைக்கு என்ன மதிப்புன்னு முதலீட்டாளரே முடிவு பண்ணி, தனியா கொடுக்கட்டும்' என்பதுதான் புது விதி. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா தனியா செக் எழுதிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

அதனால விற்பனையாளர்கள் பலர் யூலிப் பக்கம் திரும்பினாங்க. அதுவும் பங்குச் சந்தையில பணம் போடுற திட்டம்தான், ஆனா இன்சூரன்ஸ் என்ற பேர்ல. கமிஷன் அங்கே தாராளம். 2010 ஏப்ரலில் 14 இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு செபி தடை போட்டது. 'எங்க எல்லைக்குள்ள நீங்க வராதீங்க'ன்னு ஐஆர்டிஏ எதிர்த்து நின்னது. கடைசியில ஜூன் மாதம் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து, யூலிப் ஐஆர்டிஏவுக்குத்தான் என்றது. சண்டையில ஜெயிச்ச ஐஆர்டிஏவே அந்த செப்டம்பரில் யூலிப் கட்டணங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. அதாவது, செபி தோத்தாலும் முதலீட்டாளருக்குக் கொஞ்சம் லாபம்.

இன்னொரு ஓட்டை பாக்கி இருந்தது. ஏஜென்ட் இல்லாம நேரடியாப் போட்டவங்ககிட்டயும், ஃபண்டோட வருடாந்திரச் செலவுல கமிஷன் பங்கு சேர்ந்தே கழிஞ்சது. 2013 ஜனவரி 1 முதல் அதையும் பிரிச்சாங்க. கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான், தனி என்ஏவியோட வந்தது.

வித்தியாசம் வருஷத்துக்கு 1 சதவீதம்னு வச்சுக்கோங்க. 1 லட்சம் ரூபாய் 20 வருஷத்துல 12 சதவீத வளர்ச்சியில சுமார் 9.65 லட்சம். 11 சதவீதத்துல 8.06 லட்சம். போட்ட பணத்தைவிட அதிகமான தொகை கட்டணத்துலயே போயிடுது.

ரெகுலர் பிளான் தப்புன்னு நான் சொல்லலை. சந்தை சரியும்போது 'பதறி விற்காதீங்க'ன்னு தடுக்கிற ஒருத்தர் இருந்தா, அவருக்குக் கொடுக்கிறது நியாயமான கூலி. ஆனா எவ்வளவு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும். 2016-லிருந்து ஆறு மாசத்துக்கு ஒரு முறை வர்ற ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட்ல அந்த கமிஷன் ரூபாய்க் கணக்காவே இருக்கு. மெயில்ல தேடி எடுங்க. அந்தத் தொகைக்கு உங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு யோசிச்சுட்டு, எந்த பிளான்னு முடிவு பண்ணுங்க.